வலது கதவுப் பல்வரிசை

"ஐயோ... அம்மா...!"

அலறல்!

என்ன செய்வது? இந்த மாதிரிக் கதைகளை அலறலில்தான் தொடங்க வேண்டும். 'இளங்காற்று வீசியது' என்று தொடங்கினால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். எனக்கும் பிழைப்பு நடக்க வேண்டாமா?

அலறியவள் பிச்சையம்மாள். பாலிங் சாலையில் 'மூங்கில் தோட்டம்' என்று பேர் பெற்ற ரப்பர் தோட்டத்தில் ஷீட் காயப்போடுகிறவள். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லோரும் வரிசையில் நிற்கும் விடிகாலையில் புகைக் கொட்டகையைத் திறக்க வந்தாள்.

கொட்டகையின் கல் படிக்குக் கீழே...

பெரிய கங்காணி பழனியாண்டி குப்புறக் கிடந்தார்!

மண்டையில் ரத்தம்! உடம்பு சில்லிட்டிருந்தது!

தோட்டமே திரண்டு வந்தது. கங்காணியின் மனைவி ராக்காயியும் ஓடி வந்தாள். மார்பில் அடித்துக்கொண்டு கதறுவாள் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

கதறவில்லை.

புருஷனைப் புரட்டிப் போட்டாள். முந்தானையைச் சர்ரென்று கிழித்தாள். தாடையைச் சேர்த்துத் தலையைச் சுற்றி ஒரு கட்டு! அதன்மேல் இன்னொரு கட்டு! இறுக்கி ஒரு முடிச்சு!

செத்தவர்களுக்கு வாய்க்கட்டுக் கட்டுவது நம் வழக்கம்தான். ஆனால் அதை வயதான பொம்பளைகள் யாராவது அழுகை ஓய்ந்த பிறகு நிதானமாகச் செய்வார்கள். ராக்காயி கட்டி முடித்த பிறகுதான் அழவே ஆரம்பித்தாள்.

இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் துப்பறிவாளர் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

*

வெயில் ஏறியபோது ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் முகம்மது கவுஸ் இறங்கினார். அலோர் ஸ்டாரில் துணிக்கடை வைத்திருந்த நாகூர்க்காரரின் மகன். தமிழிலும் திட்டுவார், மலாயிலும் திட்டுவார்.

"டியாம்! எல்லாம் வாயை மூடுங்க! இங்க ஆபீஸ் ஆளு யாரு?"

"பெரிய கிராணி நான்தாங்க. ராமையா." மீசையைத் தடவிக்கொண்டே ஒருவர் முன்னால் வந்தார். "ஆனா துப்பு துலக்கணும்னா நம்ம சின்ன கிராணியைக் கேளுங்க. குழந்தைவேலு! எங்க வீட்டுக்கு வரப்போற மாப்பிள்ளை. மெட்ராஸ்லேர்ந்து துப்பறியும் கதையா வரவழைச்சுப் படிக்கிறவரு."

"அப்படியா? வரச் சொல்லு."

குழந்தைவேலு வந்தான். தாடையைச் சுற்றி ஒரு துண்டு. உச்சந்தலையில் முடிச்சு.

இன்ஸ்பெக்டர் பிணத்தைப் பார்த்தார். குழந்தைவேலுவைப் பார்த்தார். மறுபடியும் பிணத்தைப் பார்த்தார்.

"செத்தது ஒருத்தன்னுதானே போன்ல சொன்னாங்க?"

"பல்வலிங்க ஐயா..."

பொய்!

வலிப்பதற்கு மேல்வரிசையில் ஒரு பல்லாவது இருக்க வேண்டும். குழந்தைவேலுவுக்கு இல்லை!

(அவன் அன்று பேசியதைப் பேசியபடியே எழுதினால் அச்சுக் கோப்பவர் என்னோடு சண்டைக்கு வருவார். திருத்தித்தான் எழுதுகிறேன்.)

விஷயம் இதுதான். பட்டணத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் பார்க்கும் இடத்துக்கு இரண்டு கதவுகள். இடது கதவு இலவசம். அங்கே பிடுங்குவார்கள், அவ்வளவுதான். வலது கதவு காசுக்கு. அங்கே ஊசி போட்டு வலிக்காமல் எடுப்பார்கள், ஓட்டை அடைப்பார்கள், சிவப்பு ஈறு வைத்துப் புதுப் பல்வரிசையே செய்து மாட்டி விடுவார்கள். போன வருஷம் குழந்தைவேலுவின் பல்லெல்லாம் சீழ் பிடித்தது. இடது கதவில் நுழைந்தான். அரசாங்கம் மேல்வரிசை முழுவதையும் தர்மத்துக்குப் பிடுங்கியது. வலது கதவில் நுழைந்தான். அதே அரசாங்கம் இரண்டு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வேறு வரிசையைக் கொடுத்தது.

"அலோர் ஸ்டாருக்குச் சித்தப்பாவைப் பார்க்கப் போறேன்" என்று சொல்லித்தான் லீவு போட்டிருந்தான். தோட்டத்தில் ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. பெரிய கிராணியின் மகள் பிரேமாவதிக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தால் கல்யாணம் ஏது?

நேற்றுச் சாயங்காலம்தான் அந்த அநியாயம் நடந்தது. ராமையா வீட்டில் முறுக்குத் தட்டை நீட்டினார்கள். ராமையா தம் முறுக்கைக் காப்பியில் ஊறப்போட்டு நிதானமாகத் தின்றார். மாப்பிள்ளை முறுக்கு என்று இவன் வீராப்பாக ஒரு கடி கடித்தான்.

கடக்!

முறுக்கு உடையவில்லை. பல்வரிசைதான் கழன்றது!

திரும்பி உட்கார்ந்து, இருமுவது போல் நடித்து, வாயருகே பிடித்த கைக்குட்டையை அவசரமாகச் சுருட்டிப் பையில் போட்டான். 'தலைவலி' என்று சொல்லிவிட்டு ஓடி வந்தான். புகைக் கொட்டகைக் குறுக்குவழி. அங்கே நின்று அதே கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். வீட்டுக்கு வந்து விரித்தான்.

கைக்குட்டை காலி!

விடிந்ததும் தேடலாம் என்றிருந்தான். விடிந்தது. தேட வேண்டிய இடத்தில் பிணம் கிடக்கிறது!

*

"இன்ஸ்பெக்டர்! கால்வாயில ஒண்ணு கிடக்குது!"

ஒரு கான்ஸ்டபிள் எதையோ இலையில் ஏந்தி வந்தார்.

பல்வரிசை!

சிவப்பு ஈறு. வெள்ளை வெளேரென்ற பற்கள். பிணத்தின் தலை கிடந்த இடத்துக்குப் பக்கத்துக் கால்வாயில் சிரித்துக்கொண்டு கிடந்திருக்கிறது!

குழந்தைவேலு கூட்டத்துக்குப் பின்னால் நழுவப் பார்த்தான்.

"வாலாவே!" என்றார் இன்ஸ்பெக்டர். "கொலைகாரன் பல்லை விட்டுட்டுப் போயிட்டான். கட்டிப் புரண்டிருக்காங்க, கழண்டு விழுந்துடுச்சு. கிராணி, நீங்க என்ன சொல்றீங்க?"

தன் பல்லைப் பற்றித் தானே துப்பறிய வேண்டும்! எந்தக் கதையிலும் எந்தத் துப்பறிவாளனுக்கும் இந்தக் கதி வந்ததில்லை.

"ப... பல்லை விடுங்க ஐயா. இதைப் பாருங்க!" தரையைக் காட்டினான். கால்வாய் ஓரமெல்லாம் எரிந்த தீக்குச்சிகள். "இத்தனை குச்சி! கொலைகாரன் சுருட்டு பிடிக்கிறவன். கங்காணி வர்ற வரைக்கும் ஒண்ணு மாத்தி ஒண்ணா ஊதிக்கிட்டு உக்காந்திருக்கான்!"

"சுருட்டுத் துண்டு ஒண்ணுகூட இல்லையே?"

"அ... அதையும் தின்னுட்டான்."

"பல்லு இல்லாமலா?"

குழந்தைவேலு துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

கொலையா, கொள்ளையா என்று பார்க்கக் கங்காணியின் வீட்டுக்குப் போனார்கள். பெட்டி பூட்டியபடியே இருந்தது. மாடத்தில் மட்டும் ஒரு சின்னக் கல்லுரல். உள்ளே செக்கச்செவேல் என்று கறை.

"இது என்னம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பின்னாலேயே வந்திருந்த ராக்காயி அதைச் சட்டென்று எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டாள். "எனக்கு... வெத்தலை இடிக்கங்க."

அவள் பற்கள் மாதுளை முத்துப் போல வரிசையாக இருந்தன. அப்படிப்பட்ட பல் இருப்பவள் எதற்கு வெற்றிலையை இடித்துப் போட வேண்டும்? யாராவது கேட்டிருக்க வேண்டும். அதுவும் மேல்வரிசை இல்லாத குழந்தைவேலு கட்டாயம் கேட்டிருக்க வேண்டும்.

அவன் இன்ஸ்பெக்டரின் காதில் கிசுகிசுத்தான்.

"விஷம் இடிச்சிருக்காங்க ஐயா."

"மண்டை உடைஞ்சு செத்தவனுக்கு எதுக்குய்யா விஷம்?"

"ரெண்டும் இருக்கட்டும்னு..."

"சூடா லா! போதும், கிராணி. நீங்க பல்லைப் பாருங்க."

*

பல்லை வைத்து ஆளைப் பிடிக்கும் வேலையை இன்ஸ்பெக்டர் தாமே எடுத்துக்கொண்டார்.

"இந்தத் தோட்டத்துல மேல்வரிசைப் பல்லு இல்லாதவன் எவன்?"

எல்லோரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டுக்காரன் இருளப்பன். அலறினாளே பிச்சையம்மாள், அவளுடைய புருஷன்.

"உன் பல்லு எங்கடா?"

"ஆஸ்பத்திரிலங்க. ஒண்ணு வலிக்குதுன்னு இடது கதவுக்குப் போனேன். எல்லாமே சொத்தைன்னு சொல்லி ஒரே நாள்ல..."

"நேத்துக் கள்ளுக்கடையில கங்காணியோட சண்டை போட்டியாமே?"

"சண்டைதாங்க. புள்ளைக்குக் காய்ச்சல்னு வேலைக்குப் போகலை. ஆளு வரலைன்னு எழுதாம, வேலையைக் கெடுத்தான்னு எழுதிக் கூலியைப் பிடிச்சுட்டாரு. ஆத்திரத்துல ரெண்டு வார்த்தை..."

"என்ன வார்த்தை?"

இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டத்தில் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

"'உன் பல்லு வரிசையை உதிர்க்காம விட மாட்டேன்'னு சொன்னான் ஐயா!"

"ஓஹோ! அவன் பல்லை உதிர்க்கப் போயி உன் பல்லு உதிர்ந்துடுச்சா? வாயைத் திற!"

பல்வரிசையைக் கழுவக்கூட இல்லை. அப்படியே இருளப்பன் வாயில் அமுக்கினார்.

குழந்தைவேலு கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு மாதச் சம்பளம், இன்னொருத்தன் வாயில்!

"ஆடுதுங்க ஐயா! இது என்னுது இல்லீங்க!"

"ஆடினா என்ன? என் செருப்புகூடத்தான் ஆடுது. அதுக்காக அது என் செருப்பு இல்லையா?"

"செட்டுப் பல்லு வாங்க எனக்குக் காசு ஏதுங்க? நான் இடது கதவு ஆளுங்க!"

"அதையும் கேட்டுடுவோம்."

ஆபீஸ் டெலிபோனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போட்டார். பிச்சையம்மாள் ஜன்னலுக்கு வெளியே கைகூப்பி நின்றாள்.

"ஹலோ, பல் பார்க்குற இடமா? ஒரு பல்வரிசை கிடைச்சிருக்கு. யாரோடதுன்னு தெரியணும்."

"டாக்டர் அலோர் ஸ்டாருக்குப் போயிருக்காரு. அடுத்த வாரம்தான் வருவாரு."

"யாருக்கெல்லாம் செட்டு கட்டினீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"சொல்ல முடியாதுங்க. வலது கதவுல வந்தவங்க பேரை வெளியில சொல்றதில்லை. அதுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குறோம்."

"நான் போலீஸ் பேசுறேன்!"

"தெரியுதுங்க. போலீஸ்காரங்களும் வந்து கட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. அந்தப் பேரையும் சேர்த்துச் சொல்லட்டுங்களா?"

டக்!

இன்ஸ்பெக்டர் ரிசீவரை வைத்துவிட்டார். அவருடைய கை ஏனோ ஒருமுறை வாயைத் தொட்டுவிட்டு வந்தது.

"டாக்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம்! இருளப்பனை லாரியில ஏத்துங்க. லாக்கப்புல ஒரு ராத்திரி போதும். அவனே சொல்லிடுவான்."

லாக்கப்பில் எப்படிச் சொல்ல வைப்பார்கள் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து திரும்பி வந்தவர்களில் நிமிர்ந்து நடக்கிறவர்கள் குறைவு. கொலைக் கேஸ் என்றால் திரும்பி வருவதே இல்லை. தூக்குக் கயிறு!

பிச்சையம்மாள் குழந்தைவேலுவின் காலில் விழுந்தாள்.

"கிராணியாரே! நீங்க படிச்சவங்க! ஒரு வார்த்தை சொல்லுங்க! அவரு ராவெல்லாம் வீட்டுலதான் இருந்தாரு. புள்ளைக்குக் காய்ச்சல், மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு... நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க!"

குழந்தைவேலு அவளைத் தூக்கி நிறுத்தினான். வாய் திறக்கவில்லை.

*

புகைக் கொட்டகை வாசலில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. அறுத்துப் பார்க்கப் பிணமும் அதில்தான் போகிறது. கைவிலங்கோடு இருளப்பனும் அதில்தான் போகிறான்.

"வாய்க்கரிசி போட்டுட்டு அனுப்புறேங்க ஐயா" என்று ராக்காயி கெஞ்சினாள். "அறுத்துட்டா அப்புறம் எந்தக் கோலத்துல வருவாரோ..."

"சரி, சரி. சட்டுனு முடி."

அரிசித் தட்டு வந்தது. பெண்கள் சூழ்ந்து நின்றார்கள். அவர்கள் நடுவே பிரேமாவதி.

குழந்தைவேலு அவளைப் பார்த்தான். அப்புறம் லாரியில் இருந்த இருளப்பனைப் பார்த்தான். இருளப்பன் அழவில்லை. மனைவியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்கச் சொல்கிறான் என்பது உதட்டு அசைவிலேயே தெரிந்தது.

குழந்தைவேலு கோழை. அதில் அவனுக்கே சந்தேகம் கிடையாது. துப்பறியும் கதையில் துப்பாக்கி வெடித்தால்கூட அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறவன். 'அடுத்த வாரம் டாக்டர் வந்ததும் எப்படியும் தெரிஞ்சிடும்' என்று மனசைத் தேற்றிப் பார்த்தான். அடுத்த வாரத்துக்குள் இருளப்பன் உருப்படியாக இருப்பானா?

மனசு தேறவில்லை. கால் தானாக முன்னால் நடந்தது.

"நிறுத்துங்க!"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "என்ன கிராணி, இன்னொரு சுருட்டா?"

"இல்லீங்க ஐயா. அவனை இறக்கி விடுங்க. அந்தப் பல்லு... என்னுது!"

குழந்தைவேலு துண்டை அவிழ்த்தான்.

வாயைத் திறந்தான்.

தோட்டமே எட்டிப் பார்த்தது. மேலே மொட்டை ஈறு!

"அடப்பாவி!" என்றார் ராமையா.

"நேத்து இந்தப் பக்கமா வந்தப்ப விழுந்துடுச்சு. கங்காணியை நான் பார்க்கவே இல்லீங்க. கொலையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. ஆனா பல்லு என்னுது. பிடிக்கணும்னா என்னைப் பிடிங்க. அவன் புள்ளைக்குக் காய்ச்சல்."

கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்தது. பயத்தில்தான். அதை மறைப்பதற்கில்லை.

இன்ஸ்பெக்டர் பல்வரிசையை நீட்டினார். "மாட்டுங்க, பார்ப்போம்."

குழந்தைவேலு மாட்டினான்.

ஏறவில்லை.

அழுத்தினான். கட்டைவிரலால் தள்ளினான். குந்தி உட்கார்ந்து தம் பிடித்துத் தள்ளிப் பார்த்தான். பாதி உள்ளே, பாதி வெளியே. உதடு மூடவில்லை. பார்க்கக் குதிரை மாதிரி இருந்தது. பிணத்தை வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாதென்று பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டார்கள்.

"அவனுக்கு ஆடுது! உனக்கு ஏறவே மாட்டேங்குது!" இன்ஸ்பெக்டர் கத்தினார். "அப்ப இது எவன் பல்லுய்யா?"

"போதும் கிராணியாரே... கழட்டுங்க."

ராக்காயி!

அரிசித் தட்டைக் கீழே வைத்தாள். புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். காலையில் தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்தாள்.

கங்காணியின் வாய் மெல்லத் திறந்தது.

மேல்வரிசை... இல்லை!

பல் தெரியச் சிரித்துக்கொண்டே கூலியைப் பிடிக்கும் பழனியாண்டி! அந்தப் பல்வரிசைக்கே பயந்து பெரட்டில் ஒழுங்காக நின்ற ஆட்கள்!

"அது எங்க வீட்டுக்காரரு பல்லுங்க" என்றாள் ராக்காயி. "அலோர் ஸ்டாருக்குச் சொந்தக்காரங்களைப் பார்க்கப் போறேன்னு லீவு போட்டுட்டு வலது கதவுல போய்க் கட்டிக்கிட்டாரு. பல்லு இல்லாத கங்காணிக்கு எவன் பயப்படுவான்னு கேட்டாரு. செத்தாலும் யாருக்கும் காட்டக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. வெத்தலைகூட நான்தான் இடிச்சுக் கொடுப்பேன்."

"அதனாலதான் காலையில வந்ததும் வராததுமா வாயைக் கட்டினியா?"

"ஆமாங்க."

"ஒரு அப்பாவியைத் தூக்குக்கு அனுப்பப் பார்த்தியேம்மா!"

"பார்த்துக்கிட்டுத்தான் நின்னேங்க ஐயா. எங்க வீட்டுக்காரரைத் திட்டினவன்தானே, போகட்டும்னு மனசைக் கல்லாக்கிக்கிட்டேன்." அவள் குழந்தைவேலுவை நிமிர்ந்து பார்த்தாள். "இவரு பொண்ணு முன்னாடி, மாமனாரு முன்னாடி, ஒரு வெட்டுக்காரனுக்காக வாயைத் திறந்து காட்டிட்டாரு. இதுக்கு அப்புறமும் நான் வாயைக் கட்டி வச்சா, நான் மனுசியே இல்லீங்க."

இருளப்பன் லாரியில் உட்கார்ந்தபடியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"அப்ப இந்தத் தீக்குச்சியெல்லாம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தும்மினா அந்தப் பல்லு கழண்டு விழுந்துடுங்க. கள்ளுக்கடையிலேர்ந்து வர்ற வழியில தும்மியிருப்பாரு. இருட்டு. குச்சி கிழிச்சுக் கிழிச்சுத் தேடியிருக்காரு."

இன்ஸ்பெக்டர் படியருகே போனார். காலையில் மிதிபட்ட அதே படி. குனிந்து பார்த்தார். பாசியில் செருப்பு வழுக்கிய நீளமான கோடு. கீழ்ப்படியின் கல் முனையில் காய்ந்த ரத்தம். நான்கு முடி. பிணத்தின் விரல் இடுக்கில் பாதி எரிந்த ஒரு குச்சி.

கட்டிப் புரண்டதும் இல்லை, கொலைகாரனும் இல்லை. பல்லைத் தேடிய மனிதர் வழுக்கி விழுந்திருக்கிறார்.

"விலங்கை அவிழ்த்து விடுங்க" என்றார். "ஆஸ்பத்திரி டாக்டரும் பார்த்துச் சொல்லட்டும். ஆனா எனக்குப் புரிஞ்சு போச்சு."

ராக்காயி பல்வரிசையை வாங்கினாள். செம்புத் தண்ணீரில் கழுவினாள். புருஷன் வாயில் பதமாக வைத்தாள். கிளிக்!

கச்சிதம்!

பழனியாண்டி பழைய பழனியாண்டியாகிவிட்டார். எல்லோரும் வாய்க்கரிசி போட்டார்கள். இருளப்பனும் வந்து ஒரு பிடி போட்டான். ராக்காயி அவன் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

*

லாரி போய்விட்டது. இன்ஸ்பெக்டர் காரில் ஏறும்போது குழந்தைவேலுவைக் கூப்பிட்டார்.

"கிராணி, நீங்க படிக்கிற கதையில துப்பறிவாளனே குற்றவாளின்னு வருமா?"

"வரும் ஐயா. துப்பறிவாளனே முட்டாள்னு வர்றது இதுதான் முதல் தடவை. தீக்குச்சியும் பார்த்தேன், உரலும் பார்த்தேன். எனக்கும் பல்லு இல்ல... இருந்தும் விளங்கலை."

"பரவால்லை லா. எனக்கும்தான்..." இன்ஸ்பெக்டர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். வாயைக் கையால் மூடிக்கொண்டே கார் கதவைச் சாத்தினார்.

குழந்தைவேலு திரும்பினான்.

எதிரில் ராமையா! மீசை துடிக்கிறது!

"பொய்ப் பல்லை மாட்டிக்கிட்டு என் வீட்டுலயே வந்து சிரிச்சியா?"

"மன்னிச்சுடுங்க மாமா. சொல்லத் தைரியம் வரலை."

"மாமாவா? யாருக்கு யாரு மாமா? பல்லையே மறைச்சவன் இன்னும் எதை எதை மறைப்பானோ! இந்தக் கல்யாணம் நடக்காது. பிரேமா... வாம்மா போகலாம்!"

பிரேமாவதி நகரவில்லை. அவள் கையில் வாழையிலை போட்டு மூடிய ஒரு பித்தளை டம்ளர். இலையை எடுத்தாள்.

தண்ணீருக்குள்... ஒரு பல்வரிசை!

"உங்க பல்லுங்க" என்றாள் குழந்தைவேலுவிடம். "நேத்து முறுக்குத் தட்டுல இருந்துச்சு. நீங்க வெறும் கைக்குட்டையைச் சுருட்டிக்கிட்டு ஓடிட்டீங்க."

"நேத்தே உனக்குத் தெரியுமா?"

"தெரியும். எப்படிக் கொடுக்கறதுன்னுதான் தெரியலை. நீங்க வெக்கப்படுவீங்கன்னு..." அவள் சிரித்தாள். "காலையில கூட்டத்துல வச்சுச் சொல்லவும் முடியலை. வீட்டுக்கு ஓடிப் போய் எடுத்துட்டு வந்து, உங்ககிட்ட நீட்டுறதுக்குள்ள நீங்களே வாயைத் திறந்துட்டீங்க."

தேவையே இல்லாமல் மானம் போயிருக்கிறது! ஆனாலும் இருளப்பன் லயத்து வீடுகள் பக்கம் பிள்ளையைத் தேடி ஓடிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தபோது போன மானம் குழந்தைவேலுவுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

பல்வரிசையை எடுத்து மாட்டினான். இப்போது சரியாக உட்கார்ந்தது. அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. அன்றைக்கு அவனுக்கு வந்த சந்தேகங்களிலேயே உருப்படியானது அது ஒன்றுதான்.

"இதைத் தண்ணியில போட்டு வைக்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"இது என்ன பெரிய அதிசயமா? எங்க வீட்டுல தினமும் ராத்திரி ஒரு டம்ளர்..."

"பிரேமா!" ராமையா அலறினார்.

அந்த அலறலில்... ஏதோ கழன்றது! பறந்தது! புல்லில் விழுந்தது!

சிவப்பு ஈறு. வெள்ளை வெளேரென்ற பற்கள்.

குழந்தைவேலு குனிந்து எடுத்தான். கைக்குட்டையில் துடைத்து மரியாதையாக நீட்டினான்.

"மாமா... நீங்களும் அலோர் ஸ்டாருக்குத்தான் போயிருந்தீங்களா?"

ராமையா சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை. பல்லை வாங்கி மாட்டினார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"கல்யாணம் குறிச்ச முகூர்த்தத்துலதான் மாப்பிள்ளை! ஆனா ஒண்ணு... பந்தியில முறுக்கு கிடையாது!"